நாலங்குலம்

ஏ பிளாக் கீழ்வீட்டில்
குளியலறைத் தண்ணீர் வடியவில்லை என்று
ஜெசிந்தா டீச்சர் ஆறாவது முறையாக எழுதிக்கொடுத்த பிறகு
செங்கோடனைக் கூட்டிவந்தோம்.
அவன் தோண்ட, பொருளாளர் என்ற முறையில்
நான் குடை பிடித்து நின்றேன், எனக்கு.

சூரமங்கலம் ஹவுசிங் போர்டு வரைபடத்தில்
அந்த இடம் சைக்கிள் நிறுத்தம்.
நிற்பது வாதாமரம்.
யாரும் வைக்கவில்லை.
வௌவால் சப்பிப்போட்ட கொட்டையாக இருக்கும்.

ஒன்றரை வருடச் சங்கக் கூட்டங்களில்
அதைத் தவிர வேறு பேசியதில்லை.
நாகமாணிக்கம் காரின் மேல் இலை.
ரமாபாய் காயவைத்த வடகத்தில் இலை.
விழுமுன் அது சிவப்பதைப் போட்டோ எடுத்து அனுப்புகிற
தஸ்லீமா மகன் வாசலில் மட்டும்
ஓர் இலை விழாது.
காற்று அப்படி.

மேட்டூர்த் தண்ணி நாலு நாளைக்கு ஒருதரம்.
மீட்டர் அறைக் கதவில்
நான்தான் கட்டம் போட்டு ஒட்டினேன்:
செம்பருத்திக்கு பி பிளாக்.
கறிவேப்பிலைக்கு சி பிளாக்.
கறிவேப்பிலை ஒடிக்க எல்லா பிளாக்கும்.
வாதாமரத்துக்கு நேரே காலிக் கட்டம்.
அவ்வளவு பெரிய மரத்துக்குத் தண்ணி எதுக்கு என்றார்கள்.

ஏப்ரலில்
சேர்வராயன் மலை வெயிலில் கரைந்து
இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கவைத்தது.
வெள்ளைக்கல் லாரித் தூசியில் செம்பருத்தி மாவாடை போர்த்திச் செத்தது;
முறைக்காரர் பேத்தி காதுகுத்துக்கு ஆத்தூர் போயிருந்தார்.
வாதா மட்டும் பச்சையாகவே நின்றது.
எப்படி என்று யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

கல்குழாய் மூட்டை உடைத்துக்
கையை உள்ளே விட்டான் செங்கோடன்.
பிடித்து இழுத்தான்.
வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
ஒன்பதடி.
நுழைந்த இடத்தில் தீக்குச்சி மொத்தம்கூட இல்லை;
உள்ளே போய்
நாலங்குலக் குழாயை அப்படியே கற்றுக்கொண்டிருந்தது வேர்.
மூட்டு வளையத்தின் தடம் வரைக்கும்.
ஷாம்பு உறை, பற்பசை மூடி,
யாருடைய கொலுசிலிருந்தோ ஒரு மணி,
எல்லாவற்றையும் பின்னி வைத்திருந்தது.

மூன்று மாடியும் இறங்கி வந்து பார்த்தது.
"நம்ம குளிச்ச தண்ணி" என்றார் ரமாபாய்,
யாரோ ஒட்டுக்கேட்டுவிட்டதைப் போல.

கணக்கு என்னிடம் இருந்தது.
மரம் வெட்ட நாலாயிரம்,
விறகுக்காரன் அதில் பாதியைத் திருப்பித் தருவான்.
புதுக் குழாய் முழுக்கப் போட்டால் பதினாலாயிரம்.
இருப்பு ஒன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது.
இதற்குக் கூட்டம் எதற்கு?
வெட்டலாம் என்று கை தூக்கியவர்களில்
முதல் கை என்னுடையது.

டீச்சர் அதுவரை பேசவில்லை.
பிறகு சொன்னார்:
"ரெண்டு மாசமா குளிச்ச தண்ணிய வாளியில மொண்டு
அதுக்குத்தான் ஊத்தறேன்.
பக்கத்துல அதுதான் இருக்கு.
இப்ப வெட்டிட்டு
நான் எங்க ஊத்த?"

செங்கோடன் மண்வெட்டியைக் கழுவியபடி,
குளியல் லைனை மட்டும் பிரித்து
மரத்தடியிலேயே விட்டுவிடலாம்,
ஆயிரத்து எண்ணூறில் முடியும் என்றான்.
கொசு வரும் என்றார் நாகமாணிக்கம்.
பதினொன்றுக்கு ஒன்பது.
என் கையை எப்போது இறக்கினேன் என்று
எனக்கே ஞாபகமில்லை.

அந்த வேர் மூன்று நாள் வெயிலில் கிடந்தது.
பிள்ளைகள் பாம்பு என்று இழுத்துத் திரிந்தார்கள்.
சுருங்கி, எந்தக் குழாய்க்கும் பொருந்தாத அளவாகி,
பெரியதாயியின் விளக்குமாற்றோடு போனது.

செலவை வடிகாலில் எழுதுவதா தோட்டத்தில் எழுதுவதா
என்று தெரியாமல் பென்சிலில் வைத்திருக்கிறேன்.
காலிக் கட்டத்தில்
ஏ-1 என்று எழுதினேன்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.
ஐந்தே முக்காலுக்கு டீச்சர் குளித்தால்
மரத்தடியில் தண்ணீர் கொட்டும் சத்தமும்
சந்தன சோப்பு வாசனையும்
பால் வாங்கப் போகிற ஏ பிளாக் முழுவதற்கும் தெரியும்.
அவர் எழுதிக் கொடுக்கவில்லை, இந்த முறை.
நேரத்தை மாற்றிக்கொண்டார்.

இப்போது நாலேகாலுக்கு,
ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி கிளம்பும் இரைச்சலுக்குள்
அந்தத் தண்ணீர் வருகிறது.
தூக்கம் வராத நாட்களில்
ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.